மடிக்கணினியின் பாட்டரி அளவு பிழையாகத் தோன்றுவது ஏன்?

இடுக்கி மாவட்டத்திலுள்ள பீர்மேடு வட்டம் தேயிலையும் ஏலமும் விளையும் மலைநாடு. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகளின்மேல் விழுவதும், அதனால் மின்சாரம் நெடுநேரம் தடைப்படுவதும் இங்கு வழக்கமாக நிகழ்பவை. அத்தகைய வேளைகளில் பள்ளியின் மடிக்கணினியும், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சென்று விவரம் சேகரிக்கும் ஊழியரின் மடிக்கணினியும் தத்தம் பாட்டரியை நம்பியே இயங்க வேண்டியிருக்கின்றன. திரையின் மூலையில் தோன்றும் சதவிகித எண்ணைப் பார்த்தே, இன்னும் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

கேரள மாநிலப் பள்ளிகளில் இக்கருவியின் உபயோகம் மிகுந்துள்ளது. 2001 ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2017 இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. அதன் உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் மாநிலம் முழுவதிலும் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினிகளும் ஒளிவீழ்த்திகளும் வழங்கப்பட்டன. பீர்மேடு, தேவிகுளம், உடும்பன்சோலை ஆகிய வட்டங்களிலுள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் இக்கருவிகள் அன்றாடப் பழக்கத்திலுள்ளவையே. இவற்றில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘கைட் க்னூ லினக்ஸ்’ என்னும் இயங்குதளம் பயன்படுகிறது. கள ஊழியர் பலரிடம் விண்டோஸ் கணினிகள் உள்ளன. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளுடன் முடிவுற்றமையால், புதிய பதிப்புக்கு மாறிய கணினிகளும் பல.

இவ்வாறு இயங்குதளத்தைப் புதுப்பித்த பின்னர் ஒரு முறையீடு அடிக்கடி எழுகிறது. நேற்றுவரை 80 சதவிகிதம் காட்டிய கணினி இன்று 50 காட்டுகிறது. அல்லது 100 க்கும் மேற்பட்ட எண்ணைக் காட்டுகிறது. அல்லது 25 சதவிகிதம் மீதமிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. இதைக் கண்டவர்களுள் சிலர் பாட்டரி கெட்டுவிட்டதென்று கருதிப் புதிது வாங்க முற்படுகின்றனர். வேறு சிலர், புதுப்பித்தலால் வந்த கோளாறு தானே சரியாகும் என்று வாளாவிருக்கின்றனர். முதல் முடிவால் பள்ளியின் பணம் வீணாகலாம். இரண்டாவது முடிவால், பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வு நடுவிலேயே கணினி நின்றுபோகலாம். எந்த முடிவுக்கும் வருமுன் அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியம். அதனை விளக்குவதும், பிழை எவ்விடத்திலுள்ளது என்று கண்டறியும் முறையைக் கூறுவதும் இப்பாடத்தின் நோக்கம்.

நீர்மட்டமும் நீரின் அளவும்

பீர்மேடு வட்டத்திலேயே, 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. அதன் நீர்மட்டம் அடிக்கணக்கில் நாளிதழ்களில் வெளியாவதைத் தேனி மாவட்டத்தாரும் இடுக்கி மாவட்டத்தாரும் நன்கறிவர். மட்டம் இத்தனை அடி என்று சொன்ன மாத்திரத்தில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பது விளங்கிவிடாது. பள்ளத்தாக்கு கீழே குறுகியும் மேலே அகன்றும் இருப்பதால், அடியில் ஓர் அடி உயரத்துக்குக் கொள்ளும் நீர் குறைவு; மேலே ஓர் அடி உயரத்துக்குக் கொள்ளும் நீர் மிகுதி. எனவே நாளிதழ்கள் மட்டத்துடன் நீர் இருப்பையும், வினாடிக்கு வரும் நீரையும், வெளியேறும் நீரையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. மேலும், 104 அடிக்குக் கீழேயுள்ள நீரைச் சுரங்கவழியே தமிழ்நாட்டுக்கு எடுக்க இயலாது. அணையில் இருக்கும் நீர் வேறு, எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நீர் வேறு என்பதை இது காட்டுகிறது.

பாட்டரியின் நிலையும் இத்தகையதே. இக்காலத்து மடிக்கணினிகளில் லித்தியம் அயனிப் பாட்டரிகள் உள்ளன. இவ்வகைப் பாட்டரியைச் சோனி நிறுவனம் 1991 இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. இதற்கு அடிகோலிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இதன் ஒரு கலம் முழுமையாக மின்னேற்றம் பெற்றிருக்கும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட்டும், தீரும் தறுவாயில் ஏறத்தாழ 3 வோல்ட்டும் காட்டும். இடைப்பட்ட நிலையில் மின்னழுத்தம் ஒரே சீராக இறங்குவதில்லை. கொள்ளளவின் பெரும்பகுதி, 3.9 வோல்ட்டுக்கும் 3.6 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய எல்லைக்குள்ளேயே செலவாகிவிடும். ஆகவே மின்னழுத்தத்தை மட்டும் அளந்து இருப்பைக் கணிப்பது, அணையின் வடிவம் தெரியாமல் மட்டத்தைக் கொண்டு நீரை மதிப்பிடுவதை ஒக்கும்.

இக்குறையை நீக்கும்பொருட்டுப் பாட்டரிக்குள்ளேயே சிறிய அளவிச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாது கூட்டியும் கழித்தும் கணக்கு வைக்கிறது. அணைக்கு வரும் நீரையும் போகும் நீரையும் பேரேட்டில் பதிவதைப் போன்றது இது. நாள்தோறும் சிறிதளவு பிழை நேர்ந்தாலும், பல மாதங்களில் அது திரண்டு பெரிதாகிவிடும். பாட்டரி முழுமையாக நிரம்பும்போதும், முற்றிலும் தீரும்போதும் மட்டுமே சில்லுக்குத் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது.

எண் திரைக்கு வந்து சேரும் வழி

திரையிலுள்ள எண் மூன்று படிகளைக் கடந்து வருகிறது. முதற்படி, மேலே கூறிய அளவிச் சில்லு. இரண்டாவது படி, கணினியின் பயாஸும் அதனுடன் இயங்கும் கட்டுப்பாட்டுச் சில்லும். இவை பாட்டரியிடம் விவரம் கேட்டு, இயங்குதளத்துக்குப் புரியும் வடிவில் தருகின்றன. இப்பரிமாற்றத்திற்கான பொதுவிதியை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 இல் ‘ஏ.சி.பி.ஐ.’ என்ற பெயரில் வெளியிட்டன. மூன்றாவது படி, இயங்குதளம். அது தனக்குக் கிடைத்த விவரங்களை வகுத்துச் சதவிகிதமாகவும், எஞ்சிய நேரமாகவும் காட்டுகிறது.

இப்படிகளைக் கடந்து வரும் விவரங்களுள் மூன்றை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

முதலாவது, வடிவமைப்புக் கொள்ளளவு. பாட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளுமென்று அதனைச் செய்தவர் குறித்த அளவு இது.

இரண்டாவது, இன்றைய முழுக் கொள்ளளவு. பழகிய பாட்டரி இப்போது முழுமையாக நிரம்பினால் எவ்வளவு கொள்ளும் என்று சில்லு கருதும் அளவு இது. வண்டல் படிந்த ஏரியின் கொள்ளளவு குறைவதைப் போல, இதுவும் ஆண்டுதோறும் குறைந்துவரும்.

மூன்றாவது, இப்போதைய இருப்பு. இவை மூன்றும் பெரும்பாலும் வாட்-மணி என்னும் அலகில் குறிக்கப்படும். 10 வாட் மின்சக்தி உட்கொள்ளும் கணினியை ஒரு மணி நேரம் இயக்கினால் 10 வாட்-மணி செலவாகும்.

புதுப்பித்தல் என்பது மூன்றாவது படியையே பெரும்பாலும் மாற்றுகிறது. சில வேளைகளில் பயாஸும் உடன் மாற்றப்பட்டால் இரண்டாவது படியும் மாறும். பாட்டரியிலுள்ள வேதிப்பொருள்கள் ஒரே இரவில் மாறிவிடுவதில்லை. ஆகையால், புதுப்பித்த உடனே எண் மாறியிருந்தால், இருப்பு மாறியதா, கணக்கிடும் முறை மாறியதா என்ற கேள்வியையே முதலில் எழுப்ப வேண்டும்.

புதுப்பித்தலால் தோன்றும் மாற்றங்கள்

1. வகுக்கும் எண் மாறுதல். எடுத்துக்காட்டாக, ஒரு பாட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவு 48 வாட்-மணி. இன்றைய முழுக் கொள்ளளவு 30. இப்போதைய இருப்பு 24 எனக் கொள்வோம். 24 ஐ 30 ஆல் வகுத்தால் 80 சதவிகிதம். அதே 24 ஐ 48 ஆல் வகுத்தால் 50 சதவிகிதம். இரண்டு எண்களும் ஒரே இருப்பிலிருந்து பிறந்தவை. கணினி 10 வாட் உட்கொள்ளுமானால், திரையில் 80 தோன்றினாலும் 50 தோன்றினாலும் அது 2 மணி 24 நிமிடமே இயங்கும். விண்டோஸும் லினக்ஸும் இன்றைய முழுக் கொள்ளளவையே வகுக்கும் எண்ணாகக் கொள்வது பொதுவான முறை. பாட்டரி தரும் விவரம் குறையுடையதாயின் இம்முறை பிறழும். சில பாட்டரிகள் முழுமையாக நிரம்பியதும், தேய்ந்த கொள்ளளவைக் கூறுவதற்குப் பதிலாக, வடிவமைப்புக் கொள்ளளவையே இருப்பாகக் கூறிவிடுகின்றன. அப்போது 48 ஐ 30 ஆல் வகுக்க நேர்ந்து, எண் 100 ஐக் கடந்து 160 ஆகிறது. லினக்ஸின் கெர்னலில் இத்தகைய பாட்டரிகளுக்கெனத் தனித் திருத்தம் எழுதப்பட்டுள்ளது.

2. அலகு மாறுதல். சில பாட்டரிகள் இருப்பை வாட்-மணியிலும், வேறு சில ஆம்பியர்-மணியிலும் கூறுகின்றன. 11.1 வோல்ட் பாட்டரியில் 48,000 மில்லிவாட்-மணி என்பது ஏறத்தாழ 4,324 மில்லி ஆம்பியர்-மணிக்குச் சமம். இந்த 4,324 ஐ மில்லிவாட்-மணி என்று இயங்குதளம் தவறாகக் கொண்டால், 4 மணி 48 நிமிடம் இயங்கவேண்டிய கணினிக்கு ஏறத்தாழ 26 நிமிடமே மீதமிருப்பதாக அறிவிக்கும். இது வெறும் கற்பனையன்று. 2010, 2011 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திங்க்பேட் கணினிகள் சிலவற்றில், பாட்டரியால் இயங்கும்போது ஓர் அலகும், மின்சார இணைப்பில் இயங்கும்போது மற்றோர் அலகும் வழங்கப்பட்டன. அதைச் சரிசெய்யும் கணக்கும் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்டது.

3. எஞ்சிய நேரம் பற்றிய கணிப்பு மாறுதல். புதுப்பித்த முதல் ஓரிரு நாட்களில் கணினி கோப்புகளை வரிசைப்படுத்துதல், எஞ்சிய பகுதிகளை இறக்குதல் முதலிய வேலைகளைப் பின்னணியில் செய்துகொண்டிருக்கும். 10 வாட் உட்கொண்ட கணினி அப்போது 20 வாட் உட்கொண்டால், இருப்பு குறையாமலே எஞ்சிய நேரம் பாதியாகத் தோன்றும். அவ்வேலைகள் முடிந்தபின் நேரம் மீண்டும் கூடும்.

4. மின்னேற்ற எல்லை விதிக்கப்படுதல். பாட்டரியை எப்பொழுதும் 100 சதவிகிதத்தில் நிறுத்தி வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். இதனால் பல கணினிகளில் 80 சதவிகிதம் அளவில் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி அமைந்துள்ளது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ‘க்னோம்’ திரைமுகத்திலும் 2025 மார்ச்சில் வெளியான 48 ஆம் பதிப்பு முதல் இவ்வசதி இடம்பெற்றுள்ளது. புதுப்பித்தலின்போது இது இயக்கப்பட்டுவிட்டால், கணினி 80 இல் நின்று, ‘மின்னேற்றம் நடைபெறவில்லை’ என்று அறிவிக்கும். இதனைக் கோளாறு என்று கருதலாகாது. மின்சக்தி அமைப்புகளுக்குள் சென்று அந்த எல்லையை நீக்கினால் எண் மேலேறும்.

புதுப்பித்தலுக்குத் தொடர்பில்லாத பிழை

பள்ளிக் கணினிகள் பல மாதக்கணக்கில் மின்சார இணைப்பிலேயே இருக்கின்றன. அவற்றின் பாட்டரி முற்றிலும் தீர்வதே இல்லை. ஆகவே சில்லுக்குத் தன் கணக்கைச் சரிபார்க்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. உண்மையான கொள்ளளவு 30 வாட்-மணியாகத் தேய்ந்தபின்னரும் சில்லு அதனை 40 என்றே எண்ணிக்கொண்டிருக்கும். கணினியை 100 சதவிகிதத்திலிருந்து இயக்கினால், 30 வாட்-மணி செலவானதும் பாட்டரி தீர்ந்துவிடும். சில்லின் கணக்கிலோ இன்னும் 10 மீதமிருக்கும். எனவே திரையில் 25 சதவிகிதம் தோன்றும்போதே கணினி அணைந்துவிடுகிறது.

இப்பிழை நெடுநாளாக மறைந்திருந்து, புதுப்பித்த வாரத்தில் நேரும் மின்தடையின்போது வெளிப்படுமாயின், பழி புதுப்பித்தலின்மேல் விழும். ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தமையாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதை மாணவர்களுக்கு எடுத்துரைக்க இதனினும் ஏற்ற உதாரணம் கிடைத்தலரிது.

மலைநாட்டின் குளிரையும் சிலர் காரணமாகக் கூறுவதுண்டு. குளிர்ந்த பாட்டரியில் உள்மின்தடை சற்று மிகும் என்பது உண்மையே. எனினும் பாட்டரியின் மின்னேற்றத்தைத் தடுக்கும் அளவுக்கு உஷ்ணநிலை உறைநிலையை ஒட்டிச் செல்ல வேண்டும். வகுப்பறையில் அந்நிலை பீர்மேட்டில் ஏற்படுவதில்லை. ஈரத்தால் அடாப்டரின் முனைகளில் படியும் களிம்பையே இங்கு முதலில் ஐயுற வேண்டும். அடாப்டரைக் கணினி சரிவர உணராவிடில், இணைப்பு இருந்தும் மின்னேற்றம் நடைபெறாது.

பிழையின் இருப்பிடத்தைக் காணும் முறை

கீழ்க்காணும் சோதனைகளை வரிசைமுறை தவறாமல் செய்க. ஒரு சோதனையின் முடிவை எழுதிக்கொண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்க. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எதனால் பயன் விளைந்தது என்பது தெரியாமற்போகும்.

முதற் சோதனை: கண்ணால் பார்த்தல். கணினியின் அடிப்பாகம் புடைத்திருக்கிறதா, தொடுபலகை மேலெழும்பியிருக்கிறதா, மூடி சரிவர மூடுகிறதா என்று நோக்குக. புடைப்பு இருந்தால் மேற்கொண்டு எச்சோதனையும் செய்யலாகாது. மின்னேற்றத்தை உடனே நிறுத்துக.

இரண்டாம் சோதனை: குறிப்பெடுத்தல். புதுப்பித்த தேதி, முன்னைய பதிப்பு, இப்போதைய பதிப்பு, திரையில் தோன்றும் சதவிகிதம், அடாப்டர் இணைந்துள்ளதா என்பன எல்லாம் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். இக்குறிப்பு பழுது பார்ப்பவருக்கும் பெரிதும் உதவும்.

மூன்றாம் சோதனை: முழுமையாக நிறுத்தித் தொடங்குதல். விண்டோஸ் 8 முதற்கொண்டு, ‘ஷட் டவுன்’ செய்தாலும் இயங்குதளத்தின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்படுவதுண்டு. ஆதலால் ‘ரீஸ்டார்ட்’ என்னும் தேர்வையே கையாள்க. இதனால் பயன் இல்லையாயின், கணினியை நிறுத்தி, அடாப்டரைக் கழற்றி, கழற்றக்கூடிய பாட்டரியாயின் அதனையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானை ஏறத்தாழ 30 வினாடிகள் அழுத்திப் பிடித்து, பின்னர் மீண்டும் இணைத்து இயக்குக. பல கணினிகளில் இது கட்டுப்பாட்டுச் சில்லைப் புதிதாகத் தொடங்கச் செய்யும். உட்பொருத்திய பாட்டரியைக் கழற்ற முயலலாகாது.

நான்காம் சோதனை: இயங்குதளம் இன்றிப் பார்த்தல். இதுவே எல்லாவற்றினும் முக்கியமானது. கணினி தொடங்கும்போது பயாஸ் திரைக்குள் செல்க. பல கணினிகளில் பாட்டரியின் நிலை அங்கேயே தெரியும். அங்குத் தோன்றும் எண்ணும் இயங்குதளத்தில் தோன்றும் எண்ணும் ஒன்றாக இருப்பின், இயங்குதளத்தின்மேல் குற்றமில்லை. பிழை பாட்டரியிலோ, அளவிச் சில்லிலோ, பயாஸிலோ உள்ளது. இரண்டும் வேறுபடின் இயங்குதளத்தை ஆராய்க. லினக்ஸ் கணினியில் மற்றொரு வழியும் உண்டு. தொடக்கப் பட்டியலில் கூடுதல் தேர்வுகளைத் திறந்தால் முன்னைய கெர்னல் பெரும்பாலும் அங்கு இருக்கும். அதைக் கொண்டு இயக்கும்போது எண் சரியாகிவிட்டால், புதிய கெர்னலிலேயே பிழை உள்ளது என்று துணியலாம். அடுத்த திருத்தம் வரும்வரை முன்னையதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஐந்தாம் சோதனை: மூன்று அளவுகளையும் படித்தல். லினக்ஸில் ‘பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்னும் செயலி இப்போதைய இருப்பையும், முழுக் கொள்ளளவையும், வடிவமைப்புக் கொள்ளளவையும் காட்டும். விண்டோஸில் கட்டளைவரியைத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ என்னும் கருவியைப் ‘பாட்டரி ரிப்போர்ட்’ என்னும் தேர்வுடன் இயக்கினால் இவ்விவரங்கள் அடங்கிய அறிக்கை உருவாகும். இருப்பைத் தாமே வகுத்துப் பார்த்துத் திரையிலுள்ள சதவிகிதத்துடன் ஒப்பிடுக.

ஆறாம் சோதனை: கடிகாரத்தைக் கொண்டு அளத்தல். பாட்டரியை முழுமையாக நிரப்பி, அடாப்டரைக் கழற்றி, திரையின் ஒளியை ஒரே அளவில் நிறுத்தி, ஒரே காணொளியை மீண்டும் மீண்டும் ஓடவிடுக. 15 நிமிடத்துக்கு ஒருமுறை சதவிகிதத்தைக் குறித்துக்கொள்க. முக்கியமான கோப்புகளை முன்னரே வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

குறிப்பைப் படிக்கும் விதம்

மேலே கூறிய 30 வாட்-மணிப் பாட்டரியையும் 10 வாட் செலவையும் கொண்டால், நேர்மையான அளவியில் 100, 92, 83, 75, 67 என எண் ஏறத்தாழச் சமமாக இறங்கி, 3 மணி நேரத்தில் பூஜ்யத்தை அடையும். கொள்ளளவை 40 என்று தவறாகக் கருதும் அளவியிலோ 100, 94, 88, 81, 75 என மெதுவாக இறங்கி, அதே 3 மணி நேர முடிவில் 25 இல் கணினி அணையும். இது கணக்குப் பிழை. திருத்தக்கூடியது.

இவ்விரண்டும் இன்றி, 60 லிருந்து 20 க்கு ஒரே தாவலில் எண் விழுமாயின், பாட்டரியில் தொடராக இணைந்துள்ள கலங்களுள் ஒன்று மிக மெலிந்துவிட்டது என ஐயுறலாம். தொடர் இணைப்பில் மிக மெலிந்த கலத்தின் முடிவே முழு அடுக்கின் முடிவு. இதற்குப் புதிய பாட்டரியே பரிகாரம். எந்தப் புதுப்பித்தலும் இதைச் சீராக்காது.

அளவியைத் திருத்துதல்

கணக்குப் பிழையாயின் சில்லுக்கு இரண்டு எல்லைகளையும் காட்ட வேண்டும். பாட்டரியை 100 சதவிகிதம்வரை நிரப்புக. எல்லை விதிக்கப்பட்டிருந்தால் அதனைத் தற்காலிகமாக நீக்குக. நிரம்பிய பின்னரும் இரண்டு மணி நேரம் இணைப்பிலேயே இருக்க விடுக. அதன்பின் அடாப்டரைக் கழற்றி, கணினி தானாக அணையும்வரை இயக்குக. சில மணி நேரம் ஓய்வாக விட்டு, பின்னர் இடையீடின்றி முழுமையாக மின்னேற்றம் செய்க. இப்போது முழுக் கொள்ளளவு 40 என்பதிலிருந்து 30 ஐ நெருங்கிக் குறைந்திருக்கக் காணலாம். சில கணினிகளில் இருமுறை செய்ய நேரிடும்.

எண் குறைந்ததைக் கண்டு கவலையுற வேண்டியதில்லை. பாட்டரி முன்பே தேய்ந்திருந்தது. அவ்வுண்மையை அளவி இப்போதுதான் அறிந்துகொண்டது. இவ்வாறு முற்றிலும் தீர்ப்பதை வழக்கமாகக் கொள்ளலாகாது. லித்தியம் பாட்டரிக்கு அது தேய்மானம். பிழை தோன்றும்போது மட்டும் செய்தால் போதும்.

பயாஸைப் புதுப்பிக்க நேர்ந்தால் மேலும் விழிப்புத் தேவை. அவ்வேலை பாதியில் நின்றால் கணினியே இயங்காமற்போகலாம். அளவி பொய்க்கும் கணினியில் ‘பாட்டரி 60 சதவிகிதம் உள்ளது’ என்ற செய்தியை நம்பி இதைத் தொடங்குவது அறிவுடைமையாகாது. இடிமழை உள்ள நாட்களில் இதை ஒத்திவைத்து, மின்சாரம் நிலையாகக் கிடைக்கும் வேளையில், அடாப்டரும் பாட்டரியும் இணைந்திருக்கச் செய்க.

எச்சரிக்கை

புடைத்த பாட்டரியை அழுத்துவதோ, குத்துவதோ, வளைப்பதோ கூடாது. அதைக் கணினியுடன் தீப்பற்றக்கூடிய பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். பயனற்ற பாட்டரியைக் குப்பையில் எறியலாகாது, எரிக்கவும் கூடாது. 2022 ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களைச் சாரும். அரசுத் திட்டத்தில் பெற்ற கணினியாயின், உத்தரவாதக் காலம் முடிந்ததா என்று பார்த்து, வழங்கிய அலுவலகத்துக்கு மேற்கூறிய குறிப்புகளுடன் தெரிவிப்பதே முறை.

வகுப்பறைப் பயிற்சி

ஆறாம் சோதனையை உயர்நிலை வகுப்பு மாணவர்களைக் கொண்டே நடத்தலாம். நேரத்தைக் கிடைக்கோட்டிலும் சதவிகிதத்தைச் செங்குத்துக்கோட்டிலும் குறித்து வரைபடம் வரையச் செய்க. சமமாக இறங்கும் கோடு, அந்தரத்தில் அறுபடும் கோடு, படிக்கட்டுப்போல் விழும் கோடு ஆகியவற்றின் பொருளை அவர்களே கூறட்டும். பின்னர்க் கீழ்க்கண்ட கணக்குகளைத் தருக.

1. ஒரு பாட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவு 50 வாட்-மணி, முழுக் கொள்ளளவு 35, இருப்பு 21. இருவகையிலும் சதவிகிதம் என்ன? 14 வாட் உட்கொள்ளும் கணினி எவ்வளவு நேரம் இயங்கும்? (விடை: 60, 42, ஒன்றரை மணி நேரம்.)

2. உண்மைக் கொள்ளளவு 36 வாட்-மணி. அளவி அதனை 45 என்று கருதுகிறது. முழுமையாக நிரம்பிய நிலையிலிருந்து இயக்கினால், கணினி அணையும்போது திரையில் தோன்றும் எண் யாது? (விடை: 20 சதவிகிதம்.)

3. புதுப்பித்தபின் ஒரு கணினி 45 சதவிகிதம் காட்டுகிறது. பயாஸ் திரையிலும் அதே எண் உள்ளது. இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதால் பயனுண்டா? காரணம் கூறுக.

மூன்றாம் வினாவுக்கு விடை கூறத் தெரிந்த ஊழியர், தேவையற்ற பாட்டரி ஒன்றை வாங்கும் செலவையும், தேவையான பாட்டரி ஒன்றை வாங்காமல் விடும் இடரையும் தம் அலுவலகத்துக்குத் தவிர்த்தவராவார். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு பள்ளியிலும் கணினிகளை ஒருமுறை இவ்வாறு சோதித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் உண்மையாக இயங்கும் என்பதை ஒரு சீட்டில் எழுதி அதன் மூடியில் ஒட்டிவைத்தல் நலம்.